தரிசு விலை

ஆழ்துளைக் கிணறு தோண்டுகிற போர் வண்டியின் கம்ப்ரசர் காலையிலிருந்து ஒரே தொண்டையில் கத்திக்கொண்டிருந்தது. குழியிலிருந்து வெள்ளைவெளேரென்று பாறைத்தூள் பீறிட்டு, காற்று திரும்பிய பக்கமெல்லாம் போய் விழுந்தது. அறுத்து முடித்த ராகித் தாள்களின் மேல், வண்டியின் மேல், ஜெயராமனின் புருவத்தின் மேல். மூக்கையும் வாயையும் சேர்த்துக் கட்டியிருந்த ஈரத்துண்டு காய்ந்து பலகையாய் விறைத்துவிட்டது. ஒரு ராடு முழுதும் இறங்கியதும் அவன் கையை உயர்த்துவான். சத்தம் ஒரு படி குறையும். அடுத்த ராடைத் தூக்கிப் பொருத்தி ஸ்பேனரை மாட்டி உடம்பின் கனத்தையெல்லாம் அதில் போட்டு இறுக்குவான். மறுபடி கத்தல். மறுபடி தூள்.

தூள் நனைந்து வரவேண்டும். முதலில் கறுக்கும், பிறகு உருண்டையாகும், பிறகு சேறாகும். ஐந்நூறு அடியில் அப்படி வரும் என்று சொன்னார்கள். எழுநூறில் நிச்சயம் என்றார்கள். இப்போது தொள்ளாயிரம். தூள் மாவுமில்லில் விழுவதைப்போல உலர்ந்து விழுந்தது.

"ஆணி அடிச்ச மாதிரி ஒரே கல்லுங்," என்றார் வண்டி மேஸ்திரி. திருச்செங்கோட்டுக்காரர். "ஒரு வெடிப்பு இல்லீங், ஒரு கீறல் இல்லீங்."

பெங்களூருக்கு வெளியே சர்ஜாபுரத்தைத் தாண்டி, தார் ரோட்டை விட்டு இறங்கி, மாட்டு வண்டித் தடத்தில் வெகுதூரம் உள்ளே வந்தால் அந்த ஐந்து ஏக்கர். நிலம் முனிகிருஷ்ணனுடையது. வரப்பில் குந்தி வெற்றிலை மென்றபடி, தன் நிலத்தை அடுத்தவர்கள் துளைப்பதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். விலை பேசி அக்ரிமெண்டு போட்டிருந்த புரோக்கர் டென்சில் மத்தியானம் மாருதி வேனில் வந்தான். கால் வைத்தால் ஷூ வெள்ளையாகிவிடும் என்று கீழே இறங்கவில்லை. கதவைத் திறந்து வைத்து, கர்ச்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தபடியே கேட்டான்.

"என்ன மேன், வந்துச்சா?"

"வரலீங்க. இதுக்கு மேல போனாலும் டீசல்தானுங்க போகும்."

"அன்னிக்கே சொன்னேன் ஸ்வாமி," என்றார் முனிகிருஷ்ணன் வரப்பிலிருந்து. "எங்க அப்பா ரெண்டு கெணறு வெட்டி ரெண்டையும் மூடினாரு. இது மழைக்கு வெளையிற பூமி. தண்ணிக்கு இல்ல."

டென்சில் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. மேஸ்திரியிடம் சொன்னான்: "காலங்காலமா ராகி போட்டு என்னத்தக் கிழிச்சான் இவன்? வாயப் பாரு." பிறகு குரலை இறக்கினான். "ஞாயித்துக்கிழமை பார்ட்டி வருது. தண்ணியில்லாத நிலம்னா ஏக்கர் நாலு லட்சம். தண்ணியோட ஏழு. நாலுக்கும் ஏழுக்கும் நடுவுல இருக்கிறது ஒரே ஒரு டேங்கர். புரியுதா?"

மேஸ்திரிக்குப் புரிந்தது. தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். "அது தொழிலுக்கு ஆகாதுங்க."

"தொழிலுக்கு எது ஆகும்னு நான் சொல்றேன். போன குழிக்கும் இந்தக் குழிக்கும் சேர்த்துப் பணம், பார்ட்டி அட்வான்ஸ் குடுத்த அன்னிக்கே. தண்ணி காட்டினா."

மேஸ்திரி தன் ஆட்களைப் பார்த்தார். டீசல் பங்க்கிலும் மளிகைக் கடையிலும் கடனுக்குச் சொல்ல வேண்டிய சாக்கையெல்லாம் ஏற்கெனவே சொல்லி முடித்திருந்தார்கள்.

கதவைச் சாத்தப்போன டென்சில் ஜெயராமனைப் பார்த்துச் சிரித்தான். "ஏய் கே.ஜி.எஃப், பார்ட்டி நம்ம ஊரு ஜனம்தான். செட்டில்மெண்ட் பணம் வந்தவங்க. உனக்குத் தெரிஞ்ச மூஞ்சிங்களும் இருக்கும். பார்த்தா நல்லா சிரி."

ஜெயராமனுக்கு இந்த வேலையைப் பிடித்துக் கொடுத்தவனே டென்சில்தான். போன வருஷம் கோலார் தங்கச் சுரங்கம் மூடியபோது நிரந்தரத் தொழிலாளிகளுக்கு செட்டில்மெண்ட் கிடைத்தது. பூமிக்கடியில் மரத்தூண் நிறுத்துகிற வேலையில் பத்து வருஷத்துக்கும் மேல் இருந்தும் ஜெயராமன் கடைசிவரை காண்ட்ராக்ட் ஆள். அவனுக்கு வந்தது ஒன்றுமில்லை. மாரிக்குப்பத்தில் ரயிலேறி வந்து, லிங்கராஜபுரத்தில் பேக்கரிக்கு மேலே இருந்த டென்சிலின் ஆபீஸில் நின்றான். ஊர்க்காரன், தெரிந்தவன். 'பாறைதானே மேன், உனக்குப் பழக்கம்தானே' என்று அவன் போர் வண்டிக்கு அனுப்பிவைத்தான்.

*

ஞாயிற்றுக்கிழமை விடியும்போதே டேங்கர் வந்தது. ஜெயராமன்தான் குழாயைப் பிடித்துக் குழியில் விட்டான். தண்ணீர் வெகுநேரம் ஓசையே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. பிறகு எங்கோ அடியிலிருந்து ஒரு முனகல் மேலேறி வந்தது. கடைசியில் குழியின் வாயில் வட்டமாய் வானம் தெரிந்தது. ஊற்றின தண்ணீர் ஒரு விரற்கடைகூட இறங்கவில்லை.

"குடத்துல நிக்கிற மாதிரி நிக்குது பாருங்," என்றார் மேஸ்திரி வெறுப்பாக. "கொஞ்சம் ஊத்து இருந்திருந்தாக்கூட கீறல் வழியா ஓடியிருக்கும். இந்தத் திருட்டுக்குச் சுத்தமா வறண்ட குழிதான் தோது."

டேங்கரின் சக்கரத் தடத்தை ஒரு வேலிச்செடியை ஒடித்துப் பெருக்கி அழிக்கச் சொல்லியிருந்தான் டென்சில். அதையும் ஜெயராமனே செய்தான்.

வெயில் ஏறுமுன் பெரிய வாடகை வேன்கள் வந்தன. சர்ச்சுக்குப் போகிற உடுப்பில் பத்துக் குடும்பம். முதலில் இறங்கியவர் ஹெர்பர்ட். சுரங்கத்தின் அரவை மில்லில் இருந்தவர், நிரந்தரம், பூமிக்கு மேலே வேலை. ஜெயராமனின் வீட்டுக்கு எதிர் வரிசை லைன் வீடு. பின்னால் அவர் மனைவி மேரி, ஒரு தூக்கில் சாப்பாடும் இன்னொன்றில் குடிதண்ணீருமாய். பாறைத்தூள் பூசிய முகத்தில் ஜெயராமனை யாருக்கும் சட்டென்று அடையாளம் தெரியவில்லை. அவனும் சிரிக்கவில்லை.

டென்சில் இன்றைக்கு இறங்கி நடந்தான். எல்லோரையும் வட்டமாக நிற்கவைத்தான்.

"ஏக்கர் விலை எதுல நிக்குது? சொல்லுங்க அங்கிள்."

"மண்ணுலதான்," என்றார் ஹெர்பர்ட்.

டென்சில் பெரிதாகச் சிரித்தான். மற்றவர்களும் சிரித்தார்கள், ஹெர்பர்ட் தவிர. "மண்ணெல்லாம் உங்க தாத்தா காலம் அங்கிள். இன்னிக்கி மூணே மூணு. ரோடு, தண்ணி, பேப்பர். ரோடு இன்னிக்கி இல்லாட்டி நாளைக்கு வரும், பெங்களூர் இந்தப் பக்கம்தான் வளருது. பேப்பருக்கு நான் இருக்கேன். தண்ணிய நீங்களே கண்ணால பார்க்கப் போறீங்க. அப்புறம் இன்னொண்ணு, பக்கத்துல யாரு வாங்கியிருக்கான்னு பாக்கணும். அந்தத் தோப்பு ஒரு டாக்டரோடது. டாக்டர் பக்கத்துல நிலம்னா விலை தானா ஏறும். விவசாயி பக்கத்துல நிலம்னா அப்படியே கிடக்கும்."

வரப்பிலிருந்த முனிகிருஷ்ணன் வெற்றிலைச் சாற்றைத் துப்பினார்.

"பேப்பர்ல ஒரு சின்ன விஷயம். விவசாயி இல்லாதவங்க பேருல விவசாய நிலத்த எழுத முடியாது. கர்நாடகா சட்டம். அதனால நிலம் இப்போதைக்கு இவரு பேருலயே இருக்கும். உங்களுக்கு அக்ரிமெண்டும் பவர் பத்திரமும். லேஅவுட் ஆனதும் தனித்தனியா எழுதிக்கலாம். எல்லாரும் இப்படித்தான் வாங்குறாங்க."

யாரோ ஒருவர் ஏதோ கேட்க வாயெடுத்தார். டென்சில் கையை உயர்த்தினான். கம்ப்ரசர் உறுமியது.

முதலில் வெறும் காற்று இரைந்தது. பிறகு ஒரு இருமல். வெள்ளைச் சேறு கொப்பளித்தது. அடுத்த கணம் தென்னை மர உயரத்துக்குத் தண்ணீர் எழுந்து நின்றது. பெண்கள் கூவினார்கள். ஒரு கிழவர் முட்டி போட்டு ஸ்தோத்திரம் என்றார். ஹெர்பர்ட் ஷூவைக் கழற்றி ஓரமாய் வைத்துவிட்டு, பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு அந்தச் சேற்றில் இறங்கி நின்றார். மேரி தூக்கிலிருந்த குடிதண்ணீரைக் கீழே கொட்டிவிட்டு, விழுகிற தண்ணீரில் பிடித்தாள். வீட்டுக்குக் கொண்டுபோக.

ஜெயராமன் தண்ணீரின் தலையையே பார்த்துக்கொண்டிருந்தான். அது மெல்லக் குனியத் தொடங்கியதும் மேஸ்திரி விரலை அசைத்தார். வால்வை மூடினான்.

"போதும் போதும்," என்றான் டென்சில் அவசரமாக. "மோட்டர் எறக்கறதுக்கு முன்னாடி ரொம்ப ஊதினா ஊத்து கலங்கிடும்."

ஜெயராமனின் நனைந்த முகத்தில் தூள் கரைந்து ஓடியபோதுதான் ஹெர்பர்ட்டுக்கு அவனை அடையாளம் தெரிந்தது. "டேய், நீ நம்ம ஜெயராமன் இல்ல? எதிர் லைன்! காண்ட்ராக்ட்ல டிம்பரிங்ல இருந்தவன்," என்று மற்றவர்களுக்கு அறிமுகப்படுத்தினார். "நல்லா தண்ணி எடுத்துக் குடுத்தடா. மேரி, எல்லாரும் சாப்பிட்டு மிச்சம் இருந்தா இவனுக்கும் குடு."

மிச்சம் இருந்தது. மேரி இலையில் போட்டுக் கொண்டுவந்து தந்தாள். வண்டியின் நிழலில் உட்கார்ந்து அவன் அதைத் தின்றான். பசித்தது.

*

அடுத்த ஞாயிறு ஊருக்குப் போனான். அந்த ஆறு நாளும் தனக்குள் அந்தப் பத்துக் குடும்பத்தைத் திட்டிக்கொண்டே வேலை செய்திருந்தான். முட்டாள் ஜனம். பூமியைத் தோண்டியே மூணு தலைமுறை தின்ற ஊரிலிருந்து வந்து, ஒரு குழியைப் பார்த்து வாய் பிளக்கிறார்கள். ஆனால் மேரி தூக்கில் தண்ணீர் பிடித்தது மனசை விட்டுப் போகவில்லை. அந்தத் தண்ணீரை வீட்டில் யார் யாருக்குக் கொடுத்திருப்பாள் என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

ஹெர்பர்ட் வீட்டு வாசலில் கயிற்றுக் கட்டிலில் சாய்ந்திருந்தார்.

"அண்ணே, அட்வான்ஸ் குடுத்துட்டீங்களா?"

"நாளைக்கி. இன்னாத்துக்கு?"

"குடுக்காதீங்க. அது டேங்கர் தண்ணி."

ஹெர்பர்ட் அவனை மேலும் கீழும் பார்த்தார். "கண்ணால பார்த்தேன்டா நான்."

"காத்தால நான்தாண்ணே ஊத்தினேன். என் கையாலயே. தொள்ளாயிரம் அடியும் ஒரே கல்லு. சொட்டு கெடையாது."

"மத்த புரோக்கர் எவன்னா அனுப்பிச்சானா உன்னை?"

"எவனும் அனுப்பல."

"அப்போ எதுக்குடா ரயிலேறி வந்துக்குற?" ஹெர்பர்ட் எழுந்து உட்கார்ந்தார். "நான் சொல்லட்டா? உனக்கு செட்டில்மெண்ட் வரல. எங்களுக்கு வந்துது. மூடின நாள்லருந்து பாக்கறேன், காண்ட்ராக்ட்காரங்க அத்தனை பேரு கண்ணும் எங்க வூட்டு மேலதான். வாங்க வக்கில்லாதவன் வாங்கறவனுக்கு யோசனை சொல்ல வந்துட்டான்."

உள்ளேயிருந்து மேரி வந்து நின்றாள். "அவன் சொல்றத இன்னான்னுதான் கேளுங்களேன்."

"நீ சும்மா இரு. டென்சில் நம்ம கூட சர்ச்சுல முட்டி போட்டவன். அவங்க அப்பா ஷிஃப்ட் பாஸு. இவங்க அப்பா யாரு?"

ஜெயராமன் வாசலிலேயே நின்றான். உட்காரச் சொல்லவில்லை. "எங்க அப்பன் யாரா வேணா இருக்கட்டும். இன்னொரு வாட்டி ஊதிக் காட்டச் சொல்லுங்க. அது போதும். இன்னொரு வாட்டி."

அது ஹெர்பர்ட்டைத் தொட்டது. சட்டையைப் போட்டுக்கொண்டு தெருமுனை டெலிபோன் பூத்துக்குப் போனார். ஜெயராமனும் மேரியும் காத்திருந்தார்கள். திரும்பி வந்தபோது அவர் முகத்தில் வேறு அவசரம் இருந்தது.

"தாராளமா ஊதிக் காட்டறேன்னு சொல்றான். ஆனா ஒயிட்ஃபீல்ட் பார்ட்டி ஒண்ணு முழுப் பணத்தோட நிக்குதாம். சந்தேகம் இருந்தா விட்டுடுங்க அங்கிள், அட்வான்ஸ்கூட வேணாம்னு சொல்றான். திருடன் சொல்ற பேச்சாடா இது?" மேரியின் பக்கம் திரும்பினார். "ராத்திரி ரயிலுக்கே போறேன். அஞ்சு ஏக்கரும் போயிடும் போல இருக்குது."

மேரி லைனின் கடைசிவரை ஜெயராமனோடு நடந்து வந்தாள். "நீ பொய் சொல்லல தம்பி. உன் மூஞ்சியப் பார்த்தாலே தெரியுது. ஆனா பேங்க்ல பணம் இருக்கறவரைக்கும் மருமகனுங்க ரெண்டு பேரும் மாத்தி மாத்தி வந்து நிக்கிறாங்க. மண்ணுல போட்டா கேக்க மாட்டாங்கன்னு நெனைக்கிறாரு. அவருக்கு இப்போ நெஜம் வேணாம். நெலம்தான் வேணும்."

மறுநாள் போர் வண்டியில் அவனை ஏற்றவில்லை. மேஸ்திரி கண்ணைப் பார்க்காமல் பேசினார். "உம்பேரைச் சொல்லி ஏத்தக் கூடாதுன்னுட்டாருங். எனக்கு வேற போக்கில்லே சாமி. கூலிய அவரு ஆபீஸ்ல வாங்கிக்க."

பேக்கரியின் மேல்மாடியில் டென்சில் பப்ஸ் தின்றுகொண்டிருந்தான். மேஜை விளிம்பில் உதிர்ந்த துணுக்குகளை விரலால் ஒற்றி எடுத்து வாயில் போட்டான்.

"கூலியா? எந்தக் குழிக்கு?"

"அந்தத் தொள்ளாயிரம் அடிக் குழிக்கு. மத்தவங்களுக்குக் குடுத்தீங்களே."

"அவங்களுக்குத் தண்ணி வந்த குழிக்குக் குடுத்தேன். உன் கணக்குல அது வறண்ட குழிதானே மேன்? ஊரு வரைக்கும் போயி சொல்லியிருக்கியே." விரலைத் துடைத்தான். "வறண்ட குழிக்குக் கூலி கெடையாது."

*

ஜெயராமன் பொம்மனஹள்ளியில் ஒரு கிரானைட் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தான். சமையலறைக்கும் குளியலறைக்கும் அறுத்த பலகைக் கற்களை நாலு பேராய்த் தோளில் தாங்கி லாரியில் ஏற்றுகிற வேலை. கே.ஜி.எஃப் செய்தி ரயிலில் வருகிறவர்கள் வழியாக அவ்வப்போது காதில் விழுந்தது.

மோட்டர் இறக்கிய அன்று குழியில் மிச்சமிருந்த தண்ணீர் ஒரு தொட்டி நிறைய வந்ததாம். படம் எடுத்துக்கொண்டார்களாம். மறுநாள் குழாயில் வெறும் காற்றுதான் வந்தது. டென்சிலைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். பக்கத்து டாக்டர் இன்னும் ஆழமாய்ப் போட்டுவிட்டார், ஊற்று அந்தப் பக்கம் திரும்பிவிட்டது என்றான். டாக்டரிடம் போய்ச் சண்டை போட்டார்கள். டாக்டரின் காவலாளி நாயை அவிழ்த்து விட்டான். ஹெர்பர்ட் ஒற்றை அறை ஒன்று கட்டி, மாங்கன்று நட்டு, பிளாஸ்டிக் குடத்தில் ஊர்க்குழாயிலிருந்து தண்ணீர் சுமந்தார். ஒரு கோடை தாங்கின கன்றுகள் அடுத்த கோடை தாங்கவில்லை. மில்லில் வருஷக்கணக்காய் நெஞ்சுக்குள் போன தூளும் அப்போதுதான் வெளியே தெரிய ஆரம்பித்தது. நாலு குடம் சுமந்தால் ஒரு மணிநேரம் இருமினார்.

விற்றுவிடலாம் என்று பத்துக் குடும்பமும் அலைந்தது. பார்க்க வந்தவர்கள் முதலில் தண்ணீரைக் கேட்டார்கள். பிறகு பத்திரத்தைக் கேட்டார்கள். நிலம் முனிகிருஷ்ணன் பேரில் இருப்பதைப் பார்த்ததும், வந்த பைக்கின் எஞ்சினை அணைக்காமலே திரும்பிப் போனார்கள். கடைசியில் டென்சிலே பெரிய மனசு பண்ணினான். தானே எடுத்துக்கொள்வதாய்ச் சொல்லி அனுப்பினான்.

அது 2004 கடைசி. மேரி கிடங்குக்கே ஜெயராமனைத் தேடி வந்தாள். செருப்பெல்லாம் கல் தூளாக நின்றாள். ஹெர்பர்ட் ஆஸ்பத்திரியில் இருந்தார். ஓகலிபுரத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டிலிருந்து அவள் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோய்க்கொண்டிருந்தாள்.

"நாளைக்கி ரிஜிஸ்டர் ஆபீஸ். அக்ரிமெண்ட் என் பேருல இருக்குது, நான்தான் கையெழுத்துப் போடணுமாம். நீ கூட வர்றியா தம்பி? அவன் முன்னாடி தனியா நிக்க எனக்கு அருவருப்பா இருக்குது."

"எவ்வளவு குடுக்கறான்க்கா?"

"ஏக்கருக்கு ரெண்டு. தரிசு விலை இதுதான் ஆன்ட்டின்றான். தண்ணி இல்ல, ரோடு இல்ல, பேப்பர் இல்ல, மூணும் இல்லாத நிலத்த நான் எடுக்கறதே நம்ம ஊரு ஜனம்னுதான்றான்." பலகைக் கல்லின் பளபளப்பில் தன் முகத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்து நின்றாள். "அவரு மூச்சுக்கு இன்னா விலையோ அது இப்போ வேணும். நீ அன்னிக்கி சொன்னப்ப உன்னை வாசல்லயே நிக்க வச்சி அனுப்பினோம். அதுக்காக வரலைன்னாலும் சரிதான்."

"வரேன்க்கா," என்றான் ஜெயராமன்.

*

தாலுக்கா ரிஜிஸ்டர் ஆபீஸ் ஒரு ஓட்டுக் கட்டடம். வராந்தாவில் விற்பவர்களும் வாங்குபவர்களும் புரோக்கர்களும் ஒருவர் முதுகை ஒருவர் தள்ளிக்கொண்டு நின்றார்கள். யார் எந்தப் பக்கம் என்று செருப்பைப் பார்த்தே சொல்லிவிடலாம். டென்சில் புது ஸ்கார்ப்பியோவில் வந்தான். பின்னால் இன்னொரு காரும் வந்து மரத்தடியில் நின்றது. அதிலிருந்தவர்கள் கண்ணாடியை இறக்கவே இல்லை. எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. முனிகிருஷ்ணனும் வந்திருந்தார், மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில்.

"வாங்க ஆன்ட்டி. அங்கிள் எப்படி இருக்காரு? ப்ரே பண்ணிக்கினுதான் இருக்கேன்," என்றான் டென்சில். ஜெயராமனைப் பார்த்தான். "அட, கே.ஜி.எஃப்! நீ இன்னும் உயிரோடதான் இருக்கியா மேன்?"

டென்சில் பதிலுக்குக் காத்திராமல் படியேறினான்.

பத்துக் குடும்பத்தையும் வரிசையில் கூப்பிட்டார்கள். அக்ரிமெண்டையும் பவர் பத்திரத்தையும் ரத்து செய்வதாய் எழுதிய தாள்கள். படித்துப் பார்க்க நேரமில்லை என்று குமாஸ்தா கன்னடத்தில் அதட்டினான். மேரி கையெழுத்துப் போட்டாள். கையெழுத்து மட்டும் போதாது. குமாஸ்தா அவள் இடது கட்டைவிரலைப் பிடித்து, மை அட்டையில் உருட்டி, தாளில் உருட்டினான். ஒன்று, இன்னொன்று, இன்னொன்று. விரலைப் பிடித்து இழுத்த வேகத்தில் அவள் தோள் ஆடியது. முகத்தை அவன் பார்க்கவில்லை. அடுத்த கட்டைவிரலுக்குக் கை நீட்டினான்.

வெளியே டீக்கடையில் முனிகிருஷ்ணன் நின்றிருந்தார். மேரி வந்து நின்றதும் இன்னொரு டீ சொன்னார்.

"உங்களது ஆய்த்தா அம்மா? இனிமே என்னுது. நான் அந்தக் கார்க்காரங்களுக்கு நேரா எழுதணும்."

"யாருங்க அவங்க?"

"ஏதோ சாஃப்ட்வேர் கம்பெனி. ரோடு வருதில்ல, அதுக்காக."

டீ கிளாசை வாங்கப் போன மேரியின் கை நின்றது. "இன்னா ரோடு?"

"நூறடி ரோடு. சர்வே பண்ணி, கல்லு நட்டு ஒரு மாசம் ஆயித்து. நம்ம நிலத்து மூலையிலயே ஒரு கல்லு இருக்குதே. நீங்க அந்தப் பக்கம் வரவே இல்ல போல."

"ஆஸ்பத்திரிலதான் இருந்தேன்," என்றாள் மேரி. சொல்லிவிட்டு ஜெயராமனைப் பார்த்தாள்.

"இப்போ ஏக்கர் என்ன போகுது?" என்று ஜெயராமன் கேட்டான்.

"அறுபதுன்னு பேசறாங்க. எனக்கு அவ்வளவு இல்ல ஸ்வாமி. அன்னிக்கி பேசின நாலு, மேல ஏதோ கொஞ்சம் போட்டுக் குடுக்கறான். மிச்சம் அவனுது."

"அறுபதா? அதுல தண்ணி இல்லியே!" மேரியின் குரல் உயர்ந்தது. டீக்கடையில் இருந்தவர்கள் திரும்பினார்கள்.

முனிகிருஷ்ணன் சிரித்தார். "தண்ணிய யாரும்மா கேட்டாங்க? ஒருத்தரும் கீழ எறங்கி மண்ணை மிதிக்கவே இல்ல. கார்ல உக்கார்ந்து மேப்பப் பார்த்தாங்க. அவ்வளவுதான்."

"கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேய்யா," என்றான் ஜெயராமன்.

"அன்னிக்கி வரப்புல உக்கார்ந்து சொன்னேனே, இது தண்ணிக்கு ஆகாத பூமின்னு. அவன்கிட்ட சொன்னேன், உங்க மேஸ்திரிகிட்ட சொன்னேன். இந்த ஜனம் வேன்ல வந்து எறங்கிச்சே, ஒருத்தராவது என் பக்கம் திரும்பி, ஏம்பா இங்க தண்ணி இருக்குதான்னு கேட்டாங்களா? விவசாயி பக்கத்துல நிலம்னா விலை ஏறாதுன்னு அவன் சொன்னான். எல்லாரும் தலையாட்டினாங்க. நான் பாத்துக்கினு இருந்தேன்." கிளாசை வைத்தார். "நாய் மாதிரி ஒதுக்கி வச்சவன்கிட்ட இப்போ வந்து நெஜத்தக் கேட்டா?"

உள்ளேயிருந்து அவர் பேரைக் கூப்பிட்டார்கள். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு போனார்.

மேரி வராந்தாவுக்குத் திரும்பி வந்தாள். டென்சில் போனில் பேசிக்கொண்டிருந்தான். முடிக்கும்வரை நின்றாள்.

"ரோடு வருதாமே."

"ரோடு வரும்னு பெங்களூர்ல எல்லாரும்தான் சொல்றாங்க ஆன்ட்டி. வராம போனா நஷ்டம் யாருக்கு? எனக்குத்தானே?" செக்கை அவளிடம் நீட்டினான். நீட்டியவன் அவள் விரலைப் பார்த்ததும் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். "மொதல்ல கையத் தொடைங்க. மை பட்டா பேங்க்ல எடுக்க மாட்டான்."

அவள் துடைக்க ஏதாவது இருக்கிறதா என்று சுற்றிலும் பார்த்தாள். சேலைத் தலைப்பைத் தொட்டாள், பிறகு வேண்டாமென்று விட்டுவிட்டாள். ஜெயராமனின் சட்டைப்பையில் ஒன்றுமில்லை. டென்சிலின் பையில் கர்ச்சீப் வெள்ளையாய் மடித்து இருந்தது. அவன் தாடையால் சுவரைக் காட்டினான்.

"அங்கதான் எல்லாரும் தொடைப்பாங்க."

வராந்தாவின் சுவர் ஒருகாலத்தில் மஞ்சளாய் இருந்திருக்க வேண்டும். இப்போது இடுப்புயரத்திலிருந்து தலையுயரம் வரை கட்டைவிரல் கட்டைவிரலாய்க் கறுப்பு. பழையவை வெளிறிக் கிடந்தன. அவற்றின் மேல் புதியவை, அவற்றின் மேல் இன்றைக்குக் காலையில் இழுத்தவை. சில நீளமாய் இழுபட்டிருந்தன, சில ஒரே இடத்தில் அழுந்தியிருந்தன. சுவரின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை.

மேரி அந்தச் சுவரோரமாய் நடந்தாள். அவள் உயரத்துக்கு எங்குமே இடமில்லை. கடைசியில், குதிகாலை உயர்த்தி எக்கி, தலைக்கு மேலே தெரிந்த கொஞ்சம் மஞ்சளில் விரலை அழுத்தித் துடைத்தாள்.